எரிந்த கலோரி எவ்வளவு? எந்தக் கணக்கை நம்புவது?

திருவனந்தபுரத்தில் காலை நடைக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. மியூசியம் வளாகம், கனகக்குன்னு, கவடியார் சாலை, சங்குமுகம் என்று எங்கு போனாலும் ஆட்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். ஆனால் ஒரே அரைமணி நடைக்குக் கைக்கடிகாரம் ஓர் எண்ணைச் சொல்கிறது, ஜிம்மிலுள்ள டிரெட்மில் வேறொன்றைச் சொல்கிறது. எடை குறைக்கவும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும் பாடுபடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வேண்டாத சுமை. எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்போம்.

கையால் போடும் கணக்கு

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலை 1 மெட் என்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 கலோரி. எந்த வேலைக்கு எத்தனை மெட் என்ற பட்டியலை பார்பரா ஐன்ஸ்வொர்த் குழுவினர் 1993-ல் வெளியிட்டார்கள். 2024-ல்கூட அது புதுப்பிக்கப்பட்டது. மெட், எடை, நேரம் மூன்றையும் பெருக்கினால் விடை வந்துவிடும்.

மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நடந்தால் சுமார் 3.4 மெட். 65 கிலோ எடையுள்ளவர் அரைமணி நடந்தால் 3.4 × 65 × 0.5, அதாவது சுமார் 110 கலோரி. நடக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அதில் 32 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் நடையின் பலன் 78 கலோரிதான். இந்தக் கழித்தலைப் பலரும் செய்வதில்லை.

நம் ஊர் மேடும் பள்ளமுமானது. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே வேகத்தில் ஏறினால் 5.5 மெட் ஆகிவிடும். இறங்கும்போது செலவு குறையும் என்பதால், ஏறிய நேரத்துக்கு மட்டும் இந்த எண்ணைப் போடுங்கள். கடற்கரையில் காய்ந்த மணலில் நடப்பவர்களுக்குச் செலவு இன்னும் அதிகம். கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் தேவை என்று 1998-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள்.

இந்த முறையின் குறை, எல்லா உடலையும் ஒன்றாகப் பாவிப்பது. உடற்கொழுப்பு கூடியவர்களுக்கு விடை சற்று மிகையாகவே வரும்.

டிரெட்மில் திரை

எடையைக் கேட்காத டிரெட்மில் சொல்லும் கலோரியைக் கணக்கில் எடுக்காதீர்கள். எடையைப் பதிந்தாலும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் உடல் பாரத்தில் ஒரு பங்கு கம்பிக்குப் போய்விடும். திரையோ முழுப் பாரத்துக்கே எண் காட்டும். வேகம், சாய்வு, நேரம் மூன்றையும் திரையில் பார்த்து, கணக்கை நீங்களே போடுவது மேல்.

கைக்கடிகாரம்

2017-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகள் நாடித் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சரியாகக் காட்டின. கலோரியில் மட்டும், இருப்பதில் துல்லியமான கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை. மோசமானதற்கு 93 சதவீதம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொரு சிக்கல். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது. உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்ப, துடிப்பு ஏறும். தசை கூடுதலாக உழைக்காவிட்டாலும் கடிகாரம் அதை உழைப்பாகவே எடுத்துக்கொள்ளும். மாறாக, ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்களுக்குக் கடிகாரம் குறைத்துக் காட்டக்கூடும். மார்பில் கட்டும் பட்டை துடிப்பை இன்னும் நன்றாக அளக்கும். கலோரி அதிலும் ஊகம்தான்.

முகமூடிச் சோதனை

முகமூடி மாட்டி, மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் அளக்கும் ஆய்வகச் சோதனையே மிகத் துல்லியமானது. காரியவட்டம் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில் படிப்பவர்களைப் போல விளையாட்டே வாழ்க்கையாக உள்ளவர்களுக்கு அது பயன்படும். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நடப்பவர்கள், மெதுவாக ஓடுபவர்களுக்குக் கையால் போடும் கணக்கே போதும். அதிலும் உட்கார்ந்திருக்கும் செலவைக் கழித்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் இருந்தால் போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிட அதைப் பயன்படுத்துங்கள். அது காட்டும் கலோரியை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது. நடை முடிந்து டீக்கடையில் எண்ணெயில் பொரித்த ஒரு பழம்பொரி சாப்பிட்டால் அந்த 78 கலோரி மிஞ்சாது.

நாலு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரே தராசில் எடை பாருங்கள். கணக்கு சொல்வதும் தராசு சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால், தராசை நம்பிக் கணக்கைத் திருத்துங்கள். எண் எதுவானாலும் நடையை மட்டும் விடாதீர்கள்.