டீசல் பில்டரை எப்போது மாற்ற வேண்டும்?



காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள், எதிரே எத்தனை பிக்கப் வண்டி வருகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பால் கேன், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, மில் நூல், சீசன் வந்தால் மாங்காய், எல்லாம் இந்தச் சின்ன வண்டிகளில்தான் போகிறது. அதை ஓட்டுகிறவர்களில் பலருக்கு நிலமும் அதுதான், பேங்க் டெபாசிட்டும் அதுதான். தவணை வேறு ஓடிக்கொண்டிருக்கும். வண்டி நான்கு நாள் ஷெட்டில் நின்றால் அந்த மாதத் தவணை போச்சு. அப்படி நிற்க வைக்கிற சாமான்களில் ஒன்று, நாம் யாரும் திரும்பிப் பார்க்காத டீசல் பில்டர்.

என் அப்பாவும் பிக்கப் டிரைவர்தான். எங்கள் வீட்டில் டிப்ளமா வரைக்கும் வந்த முதல் ஆள் நான். வண்டி வாங்கியபோது கொடுத்த மேனுவல் கவர் பிரிக்காமல் டேஷ்போர்டில் கிடந்தது. முதல் வருஷ லீவில் அதைப் பிரித்து வாசித்தேன். டீசல் பில்டருக்கு நேராக ஒரு கிலோமீட்டர் கணக்கும், ஒரு மாதக் கணக்கும் போட்டிருந்தது. இரண்டில் எது முந்தி வருகிறதோ அப்போது மாற்ற வேண்டுமாம். அதற்குக் கீழே பொடி எழுத்தில், தூசியான ரோடு, மலைப்பாதை, நின்று நின்று போகிற ஓட்டம் என்றால் இன்னும் முன்னதாகவே மாற்றவும் என்று இருந்தது. அப்பாவிடம் தமிழில் சொன்னேன். "ஏன்டா, இத்தனை வருஷமா புஸ்தகமா வண்டிய ஓட்டுச்சு? இழுக்கலேன்னா மாத்திக்குவோம்" என்றார்.

இழுக்காவிட்டால் மாற்றலாம் என்ற பேச்சு பழைய என்ஜினுக்கு ஓரளவு பொருந்தும். புது என்ஜினுக்கு ஏன் பொருந்தாது என்பதுதான் விஷயம்.

டீசல் என்ஜினில் பிளக் கிடையாது. டீசலை நாசில் வழியாகப் பனிமூட்டம் மாதிரி பீய்ச்ச வேண்டும். 1927-ல் ராபர்ட் பாஷ் கம்பெனி இன்ஜெக்ஷன் பம்பை மொத்தமாகத் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் டீசல் என்ஜின் லாரிக்குள் தாராளமாக நுழைந்தது. நம் நாட்டில் 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி அந்த வேலையைச் செய்தது. வயதான மெக்கானிக்குகள் இன்றைக்கும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்து நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். இன்றைய காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1,600 பார், அதற்கு மேலும் போகிறது. நம் பிக்கப் டயரில் நாம் அடிக்கிற காற்றே 4 பார் போலத்தான்! இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கவேண்டி உள்ளே இருக்கும் இடைவெளிகளை இரண்டு மூன்று மைக்ரான் அளவில் வைத்திருக்கிறார்கள். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத தூசி அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வேலை செய்யும்.

இன்னொன்று. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக ஆயில் கிடையாது, டீசல்தான் அவற்றுக்கு மசகு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புகைக்கு நல்லது. ஆனால் கந்தகத்தை நீக்கும் முறையில் டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைவதால், அதற்கென்று மருந்து கலந்துதான் விற்கிறார்கள். அதில் தண்ணீரும் சேர்ந்தால் பம்ப் கதி என்னவாகும்? பில்டர் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் முடிகிற சாமான். காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒன்றே பத்தாயிரத்தைத் தாண்டும். நான்கு சிலிண்டருக்கு நான்கு.

சரி, எப்போது மாற்றுவது? வண்டிக்கு வண்டி, பில்டருக்குப் பில்டர் 10,000 முதல் 40,000 கி.மீ. வரை சொல்கிறார்கள். அதனால் நண்பன் வண்டிக் கணக்கு நமக்கு ஆகாது, மேனுவலைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கிலோமீட்டர் மட்டும் முழு உண்மையைச் சொல்லாது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வண்டி மதுரை, கொல்லம் என்று லைனில் ஓடுகிறது. சராசரி வேகம் 50 கி.மீ., லிட்டருக்கு 14 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களில் பால் சேகரிக்கிறது. சராசரி 20 கி.மீ., லிட்டருக்கு 10. இரண்டும் 10,000 கி.மீ. ஓடிவிட்டன. முதல் வண்டியின் என்ஜின் ஓடியது 200 மணி நேரம், குடித்தது சுமார் 714 லிட்டர். இரண்டாவது 500 மணி நேரம், 1,000 லிட்டர். மீட்டர் ஒன்று, பில்டரின் உழைப்பு வேறு! போதாததற்குக் காமன் ரெயிலில் பம்ப் தேவைக்கு மேல் டீசலை இழுத்து, மிச்சத்தை டேங்குக்கே திருப்பி அனுப்புகிறது. பெரும்பாலான வண்டிகளில் அந்த மிச்சமும் பில்டரைத் தாண்டித்தான் போய் வருகிறது. மார்க்கெட் வாசலில் லோடுக்காக என்ஜினை ஓடவிட்டு நிற்கும் நேரத்துக்கும் பில்டர் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

ஆகவே ஊருக்குள் நின்று நின்று ஓடுகிற வண்டிக்கு மேனுவலின் பொடி எழுத்துக் கணக்குத்தான் சரி. அப்படித் தனிக்கணக்கு இல்லையென்றால் சொன்ன கிலோமீட்டரில் முக்கால் பங்கில் மாற்றிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ஓட்டம் குறைவாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. அதற்குத் தை மாதம் தோது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேர்ந்த ஈரமெல்லாம் அதோடு போய்விடும்.

ஈரம் எப்படி வருகிறது? பாதி காலியான டேங்கில் இரவுக் குளிருக்குக் காற்றிலுள்ள ஈரம் வேர்த்து இறங்குகிறது. டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் தங்கும். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது டேங்க் நிறைந்திருந்தால் வேர்ப்பதற்கு இடமில்லை. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் பூஞ்சை, பாக்டீரியா வளர்ந்து வழவழவென்று சளி மாதிரி படியும். பில்டர் திடீரென்று அடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பில்டரின் அடியில் தண்ணீர் தேங்க இடமும், வடிக்க ஒரு ட்ரெயின் பிளக்கும் இருக்கும். மழைக் காலத்தில் வாரம் ஒரு முறை அதைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நிற்பது தண்ணீர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படி மூழ்கி எழுந்த வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. டேங்கை வடித்து, புது பில்டர் போட்ட பிறகுதான் சாவியைத் திருக வேண்டும்.

கணக்கு வைக்காத வண்டி கையில் கிடைத்தால் அறிகுறி பார்க்கலாம். காலையில் ரொம்ப நேரம் செல்ப் எடுக்கும். சமதளத்தில் ஒழுங்காகப் போகும், லோடோடு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். (பிக்கப்பில் பிக்கப் இல்லை என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான்!) நின்றுபோய், சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகும். ஏர் பில்டர் அடைத்தாலும் வண்டி இழுக்காதே என்று கேட்பீர்கள். புகையைப் பாருங்கள். ஏர் பில்டர் அடைத்தால் காற்று குறைந்து பழைய என்ஜினில் கரும்புகை வரும். டீசல் பில்டர் அடைத்தால் டீசலே குறைவதால் புகை வராது, இழுவை மட்டும் போகும். புது வண்டிகளில் புகையை நம்ப முடியாது. டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றைக்கே வடித்துவிட வேண்டும்.

மாற்றும்போது பலர் புது பில்டரில் கேன் டீசலை நடு ஓட்டை வழியாக ஊற்றி நிரப்புகிறார்கள். பல பில்டர்களில் அது வடிகட்டிய டீசல் வெளியே வரும் பக்கம். ஊற்றிய அழுக்கு நேரே பம்புக்குப் போய்விடும். காலியாகவே மாட்டி, கை பம்பை அமுக்கி ஏர் எடுப்பதே முறை. ஓ-ரிங்கில் கொஞ்சம் டீசல் தடவ வேண்டும். தண்ணீர் சென்சார் இருந்தால் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்ட மறக்கக் கூடாது. ஏர் எடுக்கிறேன் என்று காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப்பை மட்டும் லூசு பண்ணாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே இழக்க நேரிடும்.

கழற்றிய பில்டரைக் குப்பையில் போடுவதற்கு முன் வெட்டிப் பார்க்கலாம். டீசலை நன்றாக வடித்துவிட்டு, பொறி பறக்காமல் கையால் ஹேக்ஸா பிளேடு போட்டு அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வைக்க வேண்டும். காவி நிறமாக இருந்தால் டேங்க் துருப்பிடிக்கிறது. சளி இருந்தால் தண்ணீர் நாள்பட நின்றிருக்கிறது. மணலும் தூசியும் இருந்தால் கேனிலோ புனலிலோ கோளாறு. போன மாதம் அப்பா வண்டியின் பில்டரை வெட்டியபோது முழுக்கக் காவி. இந்த ஞாயிற்றுக்கிழமை டேங்கை இறக்குகிறோம்.