சொந்த ஊர் எது?

கட்டுகலை,
கண்டி.

அன்பு மகளுக்கு,

உன் நாடகப் பிரதி போன கிழமை கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் பழைய வாத்தியார் புத்தியில் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன். இரண்டாம் தரம் பேனையை மூடி வைத்துவிட்டேன். எழுத்துப் பிழை ஏராளம். அதை விடு, மேடையில் பேசும்போது அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

மொத்தம் 42 பக்கம். அதில் 38 பக்கம் தோட்டத் துரையும் கம்பனியும் தொழிற்சங்கத் தலைவரும் அரசாங்கமும். 1948இல் தோட்டத்துத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தது வருகிறது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு ஐந்தேகால் லட்சம் பேர் அந்தக் கரைக்கு, மூன்று லட்சம் பேர் இந்தக் கரைக்கு என்று பங்கு பிரித்தது வருகிறது. ஒன்றும் பொய்யில்லை. என் சின்னம்மா குடும்பம் அப்படிப் போனதுதான். ஆனால் பிள்ளை, இந்த 38 பக்கத்துக்கும் நம் சனம் எழும்பி நின்று கைதட்டும். வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுக்கும். எதிரி வெளியே இருக்கிறான் என்று சொன்னால் யாருக்கு நோகும்?

மிச்ச நாலு பக்கம்தான் என்னைத் தூங்க விடவில்லை. டவுனில் புடவைக் கடையில் வேலை செய்கிற உன் கதாநாயகியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் தாய் சிரித்த முகத்தோடு, "ஒங்க தாத்தா ஆளுங்க இந்தியாவுல எந்தப் பக்கம்மா?" என்று கேட்கிறாள். பெண் கையிலிருந்த கிளாசைக் கீழே வைக்கிறாள். பதில் இல்லை. நீ அங்கேயே திரையைப் போட்டுவிட்டாய். அடுத்த பக்கத்தில் தொழிற்சங்கக் கூட்டம் தொடங்கிவிடுகிறது. ஏன் ஓடினாய்?

இந்தக் கேள்வியை நம் ஆட்கள் எத்தனை விதமாகக் கேட்பார்கள் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சொந்த ஊர் எது? திருச்சிப் பக்கமா, சேலமா? குலசாமி எது? மேல் லயமா, பணிய லயமா? பேராதனை பஸ்ஸில் பக்கத்து சீட்டுச் சிங்கள அம்மா "ஒயாகெ கம கொஹெத" என்று ஊர் கேட்டால் அது பெரும்பாலும் பொழுது போகப் பேச்சுக் கொடுப்பது. அதே கேள்வியை நம் வீட்டு இஸ்தோப்பில் தமிழில் கேட்டால் சாதியை எடை போடுகிறார்கள் என்று அர்த்தம். இரண்டையும் ஒரே நாடகத்தில் வை. அந்தப் பெண் பஸ்ஸில் சட்டென்று பதில் சொல்லட்டும், வீட்டில் வாயடைத்துப் போகட்டும். விளக்க வசனம் ஒன்றும் வேண்டாம். பராக்கிரம நிரியெல்லவின் மக்கள் களரிக்காரர்கள் தமிழிலும் சிங்களத்திலும் நாடகம் போட்டு ஊர் ஊராகப் போனவர்கள்தானே. நம் கண்டிச் சனத்துக்கு இரண்டு பாஷையும் காதில் ஏறும், பயப்படாதே. (சிங்களவருக்குச் சாதி கிடையாது என்று மட்டும் எழுதிவிடாதே. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமகன் தேவை விளம்பரத்தைப் பார். உடரட்ட கொவிகம என்று சாதியை அச்சிலேயே போடுகிறார்கள். அவர்கள் அச்சடிப்பதை நாம் வாயால் விசாரிக்கிறோம்.)

முதலில் அந்தப் பெண்ணின் வீட்டை மஹியாவவில் வைக்க நினைத்ததாகவும், பிறகு பயந்து தெல்தோட்டைக்கு மாற்றியதாகவும் எழுதியிருந்தாய். கண்டி மாநகரசபைத் துப்புரவுத் தொழிலுக்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மஹியாவவில் இருக்கிறார்கள். வேலை விண்ணப்பத்தில் விலாசம் எழுதும் இடத்தில் பேனை தயங்கி, வேறொரு தெருப் பெயரை எழுதிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் வகுப்பில் இருந்தவர்கள். தோட்டத்தில் இருந்து டவுனுக்கு வந்த நம் ஆட்களே அவர்களை ஒரு படி தள்ளி நிறுத்துவார்கள். லயத்தில் பட்ட அவமானத்தை மறக்க நமக்கும் கீழே ஒரு ஆள் தேவைப்பட்டது போல. உன் நாடகத்துக்கு மஹியாவதான் சரியான இடம். ஆனால் நீ அங்கே பிறந்தவள் இல்லை. பத்துத் தரமாவது போய் உட்கார்ந்து கேள். எழுதிய காட்சியை அங்கே உள்ள ஒருவருக்கு வாசித்துக் காட்டு, அவர் "இப்படி நாங்க பேசமாட்டோம்" என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுது. பரிதாபமாக எழுதாதே, அவர்களுக்கு அது பிடிக்காது. பெரஹரா ஊர்வலம் முடிந்த இரவில், கூட்டம் கலைந்த தெருவில், யானைச் சாணத்தைக் கூட்டிக்கொண்டே ஒருவர் மற்றவரைக் கேலி பண்ணுகிற காட்சி ஒன்று என் மனதில் ஓடுகிறது. எடுத்துக்கொள்.

புதிதாக ஏதோ செய்கிறோம் என்ற பதற்றம் வேண்டாம். நீ படிக்கிற பேராதனையிலேயே பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் என்று கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். சரச்சந்திர 1956இல் சிங்களக் கூத்தான நாடகமவை வைத்து மனமே போட்டதைப் பார்த்து, நம்மிடம் இருப்பதை நாம் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி அன்றைக்குப் பலருக்கு வந்தது. இராவணனாக ஆடிய மௌனகுரு பிறகு அதே ஆட்டத்தை வைத்துச் சங்காரம் என்று சமூக ஏற்றத்தாழ்வைப் பேசும் நாடகம் செய்தார். வடக்கே 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்திலிருந்து என்.கே. ரகுநாதனின் கந்தன் கருணை வந்தது. அந்த ரகுநாதனே எழுதிய சிறுகதை ஒன்றைக் கட்டாயம் தேடி வாசி. நிலவிலே பேசுவோம். மேடையில் முற்போக்காகப் பேசும் பெரிய மனிதரைத் தேடிச் சாதி குறைந்தவர்கள் வருகிறார்கள். அவர் முகம் சுளிப்பதில்லை, விரட்டுவதில்லை. வெளியே நல்ல நிலவு, அங்கே போய்ப் பேசலாம் என்று அன்பாகக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். வீட்டுக்குள் விடாத கதை அவ்வளவுதான். உன் 38 பக்கத்தில் அந்த நிலவு போல ஒன்று எங்கேயாவது இருக்கிறதா, பார்.

உன்னிடம் காமன் கூத்து இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் மாசி பிறந்து பிறை கண்டதும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ரதி வேஷம் கட்டுகிறவர் ஆண்பிள்ளை, விரதம் இருந்து கட்டுகிறவர். அவர் லயத்தைவிட்டு இறங்கி வரும்போது கிழவிகள்கூடக் கும்பிடுவார்கள். எனக்கோ கண்ணெல்லாம் பொட்டலின் ஓரத்தில்தான். அங்கே ஒருவர் சருகும் பழைய பேப்பரும் போட்டு நெருப்பு மூட்டித் தப்புக் காய்ச்சிக்கொண்டிருப்பார். தோலை அனலுக்கு நேரே பிடிப்பார். விரலால் ஒரு தட்டு. காதுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்பார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி நெருப்புக்கு. அவர் அடிக்காமல் ரதியும் மன்மதனும் ஓரடி எடுத்துவைக்க முடியாது. விடிய விடிய அடிப்பார். விடிந்து எல்லாருக்கும் தேத்தண்ணி வரும்போது அவருக்கு மட்டும் கிளாஸ் வேறு. ரதி வேஷம் எந்த வருஷமும் அவர் வீட்டுக்குப் போனதில்லை. இப்போது அதெல்லாம் மாறிவிட்டது என்பார்கள். உண்மைதான், இப்போது எல்லாருக்கும் கடதாசிக் கப்.

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1979இல் நானும் ஒரு நாடகம் எழுதினேன். தப்படிக்கிறவர் மகன் படித்து வாத்தியாராகி, கங்காணி வீட்டுப் பெண்ணை விரும்புகிற கதை. தோட்டத்துத் திருவிழாவில் போடுவதாக இருந்தது. ஒத்திகை நடக்கும்போது கோயில் கமிட்டிக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். மிரட்டவெல்லாம் இல்லை. வெற்றிலை கொண்டுவந்தார்கள். "நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். கடைசிய மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார்கள். பார்த்துக்கொண்டேன். கடைசிக் காட்சியில் ஒரு கிழவி ஓடி வருவாள். இந்தப் பையன் தப்புக்காரர் பெற்ற பிள்ளை இல்லை, மண்சரிவில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை என்பாள். கல்யாணம் நடக்கும். பொட்டலே அதிர்ந்தது. எனக்கு மாலை போட்டார்கள்.

இப்சனுக்கும் இப்படி முடிவை மாற்றவேண்டி வந்திருக்கிறது. அவருடைய பொம்மை வீடு நாடகம் 1879இல் வந்தது. ஜெர்மனியில் கதாநாயகி நோராவாக நடிக்க இருந்தவள், பிள்ளைகளை விட்டுப் போகிற தாயாக நடிக்கமாட்டேன் என்றாள். வேறு எவனாவது கைவைப்பதற்குமுன் நாமே செய்துவிடுவோம் என்று இப்சனே வேறொரு முடிவு எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று திட்டியதும் அவரேதான். அவ்வளவு பெரிய ஆளே வளைந்தார் என்று நான் வெகுகாலம் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவருடைய உண்மையான முடிவு அச்சில் இருந்தது, அதைத்தான் இன்றைக்கும் போடுகிறார்கள். என்னுடையது ஒரு மொனிட்டர்ஸ் கொப்பியில் இருந்தது. 1983 கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோயிற்று.

என் நாடகம் முடிந்த மறுநாள் காலை, பொட்டல் ஓரத்தில் தப்புக் காய்ச்சுகிற அந்தத் தப்புக்காரர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நாடகம் நல்லாருந்துச்சுங்க மாஸ்டர்" என்றார். வெற்றிலையை மென்றுகொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "ராத்திரியில இருந்து பய எங்கிட்டப் பேசல. அந்தப் பய எம் பயலாவே இருந்திருக்கலாமுங்களே" என்றார்.

தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். எந்தக் கிளாசில் கொடுத்தேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உன் நாடகத்தில் டியூஷன் மாஸ்டர் ஒருவர் வருகிறாரே, சமத்துவம் சமத்துவம் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறவர். என்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது, சந்தோஷம். அவர் பேச்சை முக்கால்வாசி வெட்டு. அவர் வீட்டு அலுமாரியில் ஓரமாக ஒரு கிளாசை வை. அதை எடுப்பதா வேண்டாமா என்று அவர் கை நிற்கிற இடத்தில் சபையை உட்காரவை. அந்தக் காட்சியை எழுதும்போது உனக்கு என்மேல் மரியாதை குறைந்தால் குறையட்டும். உன் அம்மாவையும் விட்டுவைக்காதே. போன வருஷம் உன் அக்கா கல்யாணப் பேச்சில் சொந்த ஊர் விசாரித்தது யார் என்று எனக்கும் தெரியும்.

இனிக் காரியம். நாடகத்தை மேடையேற்றுமுன் பிரதியைத் தணிக்கைக்கு அனுப்பவேண்டும், அது உனக்குத் தெரிந்ததே. அதோடு, நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு சிங்களத்தில் முழுவதையும் மொழிபெயர்த்துக் கையில் வைத்துக்கொள். கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். அவரைப் பிடிக்கக் காட்டிய காரணம் நவரசம் என்ற தமிழ்க் கவிதைப் புத்தகம். வன்முறை கூடாது என்று எழுதிய கவிதைகளே தீவிரவாதமாக வாசிக்கப்பட்டன. பிணையில் வர ஒன்றரை வருஷத்துக்கு மேலாயிற்று, வழக்கிலிருந்து விடுதலையானது 2023 டிசம்பரில். உன் வசனத்துக்கு அர்த்தம் சொல்லும் வேலையை முன்பின் தெரியாத ஒருவரிடம் விட்டுவிடாதே. பிரதியில் மூன்று கொப்பி எடு. ஒன்று என்னிடம் இருக்கட்டும்.

அடுத்தது, கதாநாயகியாக நடிக்கப்போகிற பிள்ளை. நாடகம் முடிந்தால் நீ விடுதி அறைக்குப் போய்விடுவாய். அவள் கடைசி பஸ் பிடித்துத் தன் லயத்துக்குப் போகவேண்டும். அங்கே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மறுநாள் காலை அவளுக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்தாயா? ஒத்திகை தொடங்குமுன் அவள் வீட்டுக்குப் போ, தாய் தகப்பனுக்குக் கதை முழுவதையும் சொல். அவர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. முதல் காட்சியைக் கண்டி மண்டபத்தில் பிரமுகர்களுக்குப் போடுவதைவிட, அவர்களுக்கும் மஹியாவக்காரருக்கும் போடு. அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே எழும்பிப் போகிறார்கள் என்று ஓரத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள். எழும்பிப் போகிற இடத்தில் இரண்டே காரணம் இருக்கும்: நீ பொய் எழுதியிருப்பாய், அல்லது உண்மையை எழுதியிருப்பாய். எது என்று கண்டுபிடிப்பது உன் பாடு, அதில் நான் உதவ முடியாது.

அடுத்த போயா லீவுக்கு வா. வெட்டித் திருத்தியதைக் கொண்டுவா. டியூஷன் மாஸ்டர் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். பேச்சைக் குறைத்துவிட்டால் நானே நடிக்கிறேன். முழங்கால் சரியில்லை, அதிக நேரம் நிற்க முடியாது. அலுமாரி எட்டும் தூரத்தில் ஒரு கதிரை போட்டு எழுது.

இப்படிக்கு,
உன் சேர்