கீழ் பிஸ்டனை எப்படிக் கழற்றுவது?

ஒன்பதாம் வகுப்பில் டீசல் இன்ஜினைப் பற்றிப் பேசும்போது, பாடநூலில் இல்லாத ஒரு கதையையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். அமெரிக்காவின் ஃபேர்பேங்க்ஸ் மோர்ஸ் நிறுவனம் கட்டிய ரயில் இன்ஜின்களின் கதை அது. வெர்மான்ட் மாநிலத்தில் 1830களில் எடைமேடை செய்து தொடங்கிய தொழில், பின்னாளில் பம்பு, காற்றாலை, இன்ஜின் என்று வளர்ந்தது. விஸ்கான்சினில் உள்ள பெலாய்ட் ஆலைதான் அதன் இன்ஜின்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அந்த டீசல் இன்ஜினின் அமைப்பு மாணவர்களுக்கு உடனே பிடித்துவிடும். ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள், மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. இரண்டும் நெருங்கி வந்து நடுவிலுள்ள காற்றை அழுத்தும். காற்று சூடேறியதும் டீசல் பீய்ச்சப்படும்; எரியும் வாயு இரண்டையும் எதிரெதிர்த் திசையில் தள்ளும். சிலிண்டருக்கு மூடி கிடையாது, வால்வும் கிடையாது. சுவரிலுள்ள துளைகளை பிஸ்டன்களே திறந்து மூடுகின்றன. ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளைச் சிறு குழாயால் இணைத்து, இரண்டு தண்டுகளையும் ஒருசேர அழுத்திவிட்டு விடச் சொல்லுங்கள். இரண்டும் பின்னோக்கித் தள்ளப்படும். கரும்பலகைப் படத்தைவிட இது நன்றாகப் புரிகிறது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் பலவற்றை ஓட்டியது இந்த வகை இன்ஜின்தான். அந்தப் புகழோடு 1944இல் 1000 குதிரைத்திறன் கொண்ட ரயில் இன்ஜின் வெளிவந்தது. 1953இல் வந்த ‘ட்ரெயின் மாஸ்டர்’ 2400 குதிரைத்திறன் கொண்டது. அதன் குறியீடு ஹெச்-24-66. 24 என்பது திறனைக் குறிக்கும். முதல் 6 அச்சுகளின் எண்ணிக்கை, அடுத்த 6 அவற்றில் மின்மோட்டார் பொருத்தியவை. டீசல் இன்ஜின் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை, ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, அதில் வரும் மின்சாரம் மோட்டாரை இயக்குகிறது என்பதை இந்தக் குறியீட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

சென்ற ஆண்டு இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். அவன் அப்பா டிராக்டர் மெக்கானிக். எழுத்துத் தேர்வில் அவன் தேறுவதே அரிது.

“டீச்சர், கீழ் பிஸ்டன் கெட்டுப்போனா எப்படிக் கழட்டுவாங்க?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். “பாடத்தைக் கவனி” என்று உட்கார வைத்துவிட்டேன். வகுப்பு சிரித்தது.

அன்றிரவு தேடிப் படித்தபோதுதான், அந்த நிறுவனத்தின் கதையே அவன் கேட்ட கேள்வியில் இருப்பது தெரிந்தது. மேலே ஒரு கிராங்க் தண்டு, கீழே ஒரு கிராங்க் தண்டு. இரண்டையும் நிமிர்ந்த தண்டு ஒன்று பற்சக்கரங்களால் இணைக்கிறது. பிஸ்டனை வெளியே எடுக்க வேண்டுமானால் மேலுள்ள கிராங்க் தண்டைத் தூக்கியாக வேண்டும். போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜினிலோ பழுதான ஒரு சிலிண்டரின் பாகங்களை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாம். நீர்மூழ்கியில் குளிர்விக்கக் கடல் முழுக்கத் தண்ணீர், பக்கத்திலேயே எந்நேரமும் பணியாளர்கள். ரயில் பாதையில் வெயில், தூசி, ஏற்றத்தில் ஒரு சுமை, இறக்கத்தில் ஒரு சுமை. பழுது கூடியது; பழுதுபார்க்கும் செலவும் கூடியது. ட்ரெயின் மாஸ்டர் 127 மட்டுமே கட்டப்பட்டன. 1963இல் மெக்சிகோவுக்குப் போனவற்றோடு ரயில் இன்ஜின் தயாரிப்பு முடிந்தது. இன்ஜின் என்னவோ தோற்கவில்லை. கப்பல்களுக்கும் அணுமின் நிலையங்களின் அவசர மின்சாரத்துக்கும் அதே குடும்ப இன்ஜின்கள் தொடர்ந்து வந்தன.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, “நேற்று எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் உட்காரச் சொன்னேன்” என்றேன். பிறகு சாக்பீஸை அவன் கையில் கொடுத்தேன். எந்தப் பாகத்தை முதலில் எடுக்க வேண்டும், எதை அடுத்து என்று வரிசையாக எண் போட்டான். நான் படித்த வரிசையும் ஏறக்குறைய அதுதான். முடித்துவிட்டுத் திரும்பி, “டீச்சர், இதுக்கு ஷெட்டுல உசரமான கூரையும் கிரேனும் வேணும்” என்றான். அது எனக்குத் தோன்றவே இல்லை.