றொச்டேல் மக்களும் அவர்தம் கடையும்

இங்கிலாந்தின் வடமேற்கே, பென்னைன் மலைத்தொடரின் அடிவாரத்தில், மாஞ்செஸ்ரர் மாநகருக்கு வடகிழக்கே ஏறக்குறையப் பத்து மைல் தொலைவில் உளது றொச்டேல் நகர். 1974 ஆம் ஆண்டில் ஹேவூட், மிடில்ரன், லிற்றில்பரோ, மில்ன்றோ முதலிய அயலூர்களும் இதனோடு இணைக்கப்பெற, றொச்டேல் ஓர் உள்ளூராட்சி மாவட்டமாயிற்று. இன்று அங்கு வாழ்வோர் 2 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். இரண்டாம் உலகப் போரின் பின் ஆலைகளில் இராவேலைக்கென வந்து குடியேறிய பாகிஸ்தானியரின் வழித்தோன்றல்களும் அவருள் அடங்குவர். கோட்டையாலோ கோமகனாலோ இவ்வூர் புகழ் பெற்றதன்று. ஒரு பலசரக்குக் கடையாற் பெற்றது.

பிளனல் என்னும் கம்பளித்துணி நெசவே இவ்வூராரின் பழந்தொழில். விசைத்தறி வந்ததும் கைத்தறியாளரின் கூலி வீழ்ந்தது. 1840 களில் வறுமை கொடிதாயிற்று; கூலி உயர்வு கோரி நெசவாளர் செய்த முயற்சியும் பயனளிக்கவில்லை. கிடைத்த சிறு கூலியும் கடைக்காரரின் கடன் ஏட்டிற்குள் மறைந்தது. கடன்பட்டவன் வேறு கடைக்குப் போக இயலாது, கொடுத்ததைக் கொள்ளவேண்டும். மாவிற் சுண்ணமும் தேயிலையில் வேற்றிலையும் கலத்தல் அக்காலத்து ஆங்கில நகரங்களிற் சாதாரணம்.

இந்நிலையில், றொபேட் ஓவனின் கொள்கைகளிற் பற்றுடையாரும், வாக்குரிமைக்குப் போராடியோருமாகச் சிலர் கூடினர். அவர்தம் தொகை 28 என்பது மரபு. எல்லோரும் நெசவாளர் அல்லர்; பிற தொழிலாளரும் இருந்தனர். கிழமைக்கு இரண்டு பென்ஸ், பின்னர் மூன்று பென்ஸ் எனச் சேர்த்து, 28 பவுண் முதல் திரட்டினர். 1844 டிசம்பர் 21 ஆம் நாள் மாலை, 31 ஆம் இலக்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்திற் கடை திறந்தனர். வெண்ணெய் 28 இறாத்தல், சீனி 56 இறாத்தல், கோதுமை மா 6 அந்தர், ஓட்ஸ் மா ஒரு மூடை, சில மெழுகுதிரிகள்: இவையே சரக்கு. தெருவில் நின்ற ஆலைச் சிறுவர் நகைத்து ஆரவாரித்தனராம்.

அத்தெருவின் பெயர் ரோட் லேன். தேரைத் தெரு என்பது பொருள். ஆயின் ஆங்குத் தேரைக்கு வேலையில்லை. 'பழைய தெரு' என்னும் ஆங்கிலத் தொடரே அவ்வூர்ப் பேச்சிற் சிதைந்து இவ்வாறாயிற்று என்பர். மரூஉ தமிழுக்கே உரியதெனக் கருதும் மாணவர் இதனை நோக்குக.

நிற்க. இக்கடை இவ்வகையில் முதலாவதன்று. 1833 இல் அதே தெருவில் ஒரு கூட்டுறவுக் கடை தோன்றி, கடன் கொடுத்தே இரண்டாண்டில் முறிந்தது. ஆகவே புதியவர் கைக்காசுக்கன்றி எதனையும் விற்பதில்லை என விதித்தனர். பசித்த அயலானுக்கும் கடன் இல்லை என்றல் வன்மையாகத் தோன்றும்; ஆயினும் கடை நிலைத்தது அவ்வன்மையாலேயே.

இலாபத்தைப் பங்கிட்ட முறை மேலும் நுண்ணியது. முதலிட்டவருக்கு வரையறுத்த வட்டி மாத்திரமே. எஞ்சியது, அவரவர் கடையில் வாங்கிய அளவுக்கேற்பப் பகிரப்பட்டது. பவுணுக்கு ஒரு ஷில்லிங் எனக் கொள்வோமாயின், ஒரு காலாண்டில் 10 பவுணுக்கு வாங்கிய குடும்பத்துக்கு 10 ஷில்லிங், 2 பவுணுக்கு வாங்கியதற்கு 2 ஷில்லிங். உண்டும் உடுத்தும் செலவழித்தவரே சேமித்தவருமாயினர். எத்துணைப் பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. பெண்களும் உறுப்பினராயினர், மணமான பெண்ணின் உடைமை கணவனுடையதே என்னும் சட்டம் 1882 வரை முற்றாக மாறாத நாட்டில் இது சிறு செயலன்று. 1937 இல் உலகக் கூட்டுறவு இயக்கம் றொச்டேல் கொள்கைகளைத் தன் நெறியாக ஏற்றது. நம் ஊர்ச் சங்கக்கடையின் விதிகளும் அம்மரபின.

ஆசிரியத் தொழிலுடையேனுக்கு இவ்வரலாற்றில் மிகவும் உவப்பது வேறொன்று. பத்தாண்டு நிரம்புமுன்னரே இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கினர். கடைக்கு மேலே வாசிகசாலையும் நூலகமும் எழுந்தன. பள்ளியில் நெடிது பயிலப்பெறாத தறிகாரர் தம் செலவில் தாமே பயின்றனர்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. 1854 இற் கூட்டுறவு நூலாலை ஒன்றும் நிறுவினர். அதன் இலாபத்தில் ஆலைத் தொழிலாளருக்கும் பங்கிருந்தது. ஆலை வளரப் பங்கு வாங்க வந்தோர் பெருகினர். 1862 இல் அவர் பெரும்பான்மையாகித் தொழிலாளர் பங்கை நீக்கினர். கடையில் நிலைத்த நெறி ஆலையில் நிலைக்கவில்லை.

அவ்வாண்டுகளிலேயே அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, லங்காஷயருக்குப் பருத்தி வரவு நின்றது. சூரத்திலிருந்து வந்த குறுநார்ப் பருத்தி இழை அறுந்து தறியாளரை வருத்தியது. பல்லாயிரவர் வேலையிழந்தனர். அடிமைகள் விளைத்த பருத்திக்காகத் தென்மாநிலங்களின் பக்கம் நிற்கவேண்டும் என்றாரும் இருந்தனர். றொச்டேலில் ஆலையுடைய குடும்பத்திற் பிறந்த ஜோன் பிறைற் அதனை வன்மையாக எதிர்த்தார். அவ்வூர்த் தொழிலாளர் பலரும் பட்டினியோடு அவர் பக்கமே நின்றனர். 1863 இல் நியூயோர்க்கிலிருந்து 'ஜோர்ஜ் கிறிஸ்வோல்ட்' என்னும் கப்பல் லங்காஷயர் மக்களுக்கு உணவு ஏற்றி வந்தது. அது கொணர்ந்த மாப் பீப்பாய்களுள் ஒன்று, வெறும் பீப்பாயாக, இன்றும் றொச்டேலிற் பேணப்பட்டு வருகின்றது.