அக்கி: தோலில் தெரிவது, நரம்பில் தொடங்குவது

விலாவில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சல். சட்டை உரசினாலே சுள்ளென்கிறது. இரண்டு மூன்று நாளில் அதே இடம் சிவந்து, நீர் கோத்த கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்புகின்றன. வீட்டுப் பெரியவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுகிறார்கள்: "சூட்டுல வந்த அக்கி. வேளார் வீட்டுக்குப் போய் எழுதிட்டு வா." நோயின் பெயரைப் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள். காரணமும் வைத்தியமும்தான் பிசகுகின்றன.

அக்கியைத் தருவது சூடு அல்ல, வேரிசெல்லா ஸாஸ்டர் என்ற வைரஸ். சின்னம்மைக்கும் அதுவே காரணம். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அது உடலை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் அடங்கிக் கிடக்கிறது. முதுமை, புற்றுநோய் சிகிச்சை, எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்து, நரம்பு வழியாகத் தோலுக்கு வருகிறது. கொப்புளத்துக்கு முன்பே வலி தொடங்குவது அதனால்தான்.

அக்கி இடுப்பைச் சுற்றி வந்து இரு முனையும் கூடினால் உயிர் போய்விடும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. ஒவ்வொரு தண்டுவட நரம்பும் உடலின் ஒரு பாதியில் ஒரு பட்டையளவு தோலுக்குத்தான் உணர்ச்சி தருகிறது. ஆகவே கொப்புளங்கள் வழக்கமாக உடலின் நடுக்கோட்டோடு நின்றுவிடும். ஹென்றி ஹெட், ஆல்ஃபிரட் கேம்பல் என்ற மருத்துவர்கள், எந்த நரம்பு எந்தத் தோலுக்கு என்ற வரைபடத்தை 1900இல் வெளியிட்டார்கள். அதற்கு ஆதாரமாக இருந்தவை அக்கி நோயாளிகளின் உடல்களே.

இனி, அக்கி எழுதுதல். மண்பாண்டம் செய்யும் வேளார்கள் காவியைக் குழைத்துக் கொப்புளங்களைச் சுற்றிச் சிங்க உருவம் வரைவார்கள். ஈரம் உலரும்போது எரிச்சல் சற்றுத் தணியலாம். ஆனால் தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. காவி அங்கேயே நின்றுவிடுகிறது. வைரஸ் பெருகுவது அதற்கும் கீழே. எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரும்பாலான அக்கி இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஆறிவிடும். அந்தப் பெயரைக் காவி தட்டிக்கொண்டு போகிறது.

எழுதுகிறவர் நல்ல மனதோடுதான் எழுதுகிறார். இழப்பு நேரத்தில் இருக்கிறது. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூன்று நாள் காவி பூசிவிட்டு வந்தால் அந்தக் கெடு முடிந்திருக்கும். சிலருக்குப் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட, தோல் தீயாய் எரியும்; போர்வை பட்டால்கூடத் தூக்கம் போய்விடும். அறுபது தாண்டியவர்களை இது அதிகம் வாட்டுகிறது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கே ஆபத்து. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அக்கிக்காரரைத் தொட்டால் அக்கி ஒட்டிக்கொள்ளும் என்பதும் சரியல்ல. கொப்புள நீர் பட்டால், முன்பு சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாதவருக்குச் சின்னம்மை வரலாம். ஆகவே பொருக்குத் தட்டும்வரை புண்ணைத் துணியால் மூடி, கர்ப்பிணிகளிடமிருந்தும் கைக்குழந்தைகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். குளிக்கத் தடையில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இந்தியாவிலும் கிடைக்கிறது: இரண்டு தவணை, இடையே இரண்டு முதல் ஆறு மாதம்.