கைராசி டாக்டரும் பச்சைச் சளியும்

மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்தும் யாரும் எனக்குச் சொல்லித்தராத பாடம் கைராசி. கிளினிக் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அதன் சூத்திரம் பிடிபட்டது. சாதாரண வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் நாலைந்து நாளில் தானாக வடிந்துவிடும். முதல் நாள் ஒரு டாக்டரைப் பார்க்கிறார்கள். அவர் பாராசிட்டமால் எழுதிக்கொடுத்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்கிறார். மறுநாளும் உடம்பு கொதிக்கிறது. மூன்றாம் நாள் மாலை இன்னொருவரிடம் போய் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். நாலாம் நாள் காய்ச்சல் போயே போச்சு! இரண்டாமவர் கைராசிக்காரர்; முதலாமவர் வெறும் மாத்திரை டாக்டர். புதிதாகக் கிளினிக் திறக்கும் தம்பி, தங்கைகளுக்கு என் இலவச ஆலோசனை: யாருக்கும் முதல் டாக்டராக மட்டும் இருந்துவிடாதீர்கள்.

டெங்குவில் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் அங்கே ஆபத்தே தொடங்குகிறது. உடம்பு குளிர்ந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதியாகும்போது விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், அசாத்தியச் சோர்வு இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“ஒரு ஊசி போட்டு விடுங்க சார், சீக்கிரம் சரியாயிடும்”

மருந்து எந்த வழியாகப் போனாலும் ரத்தத்தில்தான் கலக்கிறது. பாராசிட்டமால் மாத்திரை விழுங்கி அரை மணி, ஒரு மணி நேரத்தில் சூடு தணியத் தொடங்கும். அதே மருந்தை இடுப்பில் குத்தினால் கூடுதலாகக் கிடைப்பது வலி மட்டுமே. சில இடங்களில் காய்ச்சல் ஊசியோடு ஸ்டீராய்டும் சத்தமில்லாமல் சேரும். காய்ச்சல் சட்டென இறங்கும், பசி எடுக்கும், தெம்பு வந்ததுபோல இருக்கும். கூடவே சர்க்கரை எகிறும், நோயின் அடையாளங்கள் மறைந்து, அடுத்துப் பார்க்கிற டாக்டர் திணறுவார். தவறான இடத்தில் குத்தினால் கால் நரம்பு பாதிக்கும், சீழ்க்கட்டியும் வரலாம். போலியோ இருந்த காலத்தில் இது இன்னும் கொடூரம். போலியோ கிருமி உடம்பில் நுழைந்திருந்த குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று ஊசி போட்டால், ஊசி ஏறிய காலே முடங்கிப்போகும் அபாயம் அதிகம். இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் பதிவானதால் அந்தப் பயம் இன்று இல்லை.

ஊசி மீதான இந்த ஆசையை மக்களுக்கு ஊட்டியது எங்கள் ஆட்கள்தான். வயிற்று அமிலம் பெனிசிலினைச் சிதைத்துவிடும் என்பதால் ஆரம்பத்தில் அதை ஊசியாகவே கொடுத்தார்கள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பெருமை மருந்துக்குப் போயிருக்க வேண்டும், ஊசி தட்டிக்கொண்டுபோனது. தடுப்பூசி, இன்சுலின், நாய்க்கடிக்கு, விழுங்க முடியாமல் வாந்தி எடுப்பவருக்கு என்று ஊசிக்கு நியாயமான இடங்கள் நிறைய உண்டு. மூக்கு ஒழுகுவது அந்தப் பட்டியலில் இல்லை.

“ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெம்பா இருக்கும்”

ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிகூடத் தேறாது. இரண்டு இட்லி அதற்கு ஈடாகும். இட்லிக்குச் சட்னியும் உண்டு. சலைன் பாட்டில் என்றால் இன்னும் மோசம், அரை லிட்டரில் நாலரை கிராம் உப்பு, அவ்வளவுதான். நிஜமாகக் கிடைப்பது மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் படுக்கை, சொந்தக்காரர்களின் கரிசனம், பில். முதல் இரண்டையும் வீட்டிலேயே தர முடிந்தால் மூன்றாவதைத் தவிர்க்கலாம். ரத்த அழுத்தம் சரிந்தவர், நினைவு தப்பியவர், எதைக் குடித்தாலும் வாந்தி எடுப்பவர், இவர்களுக்கு டிரிப்ஸ் உயிர் காக்கும். வாயால் குடிக்க முடிந்தவருக்கு வாய்தான் சிறந்த வழி.

இதை உலகத்துக்கே காட்டியவர் டாக்டர் திலீப் மஹலனாபிஸ். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் போன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது, ஏற்ற ஆளும் இல்லை. உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து தண்ணீரில் கரைத்து, தாய்மார்களையும் உறவினர்களையுமே புகட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்தால் சிறுகுடல் இரண்டையும் சேர்த்தே உள்ளே இழுக்கும், தண்ணீர் பின்னாலேயே வரும். பேதி உச்சத்தில் இருக்கும்போதும் அந்த வாசல் அடைபடுவதில்லை. இன்று அந்தக் கரைசல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இலவசம் என்பதாலேயே பலருக்கு அதன்மேல் நம்பிக்கை வருவதில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் குணம் என்ற இன்னொரு நம்பிக்கை சென்னை சேத்துப்பட்டில் உடைந்தது. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், முட்டை, பால், மலைக்காற்று வேண்டும் என்றிருந்த காலம். 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வில், நெரிசலான வீட்டிலிருந்தபடியே அரைவயிற்றுச் சாப்பாட்டோடு மாத்திரை மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்து நோயாளிகளுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே குணமானார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் அதனால் தொற்று கூடவில்லை. 1959இல் முடிவு வெளியான பிறகு உலகம் படிப்படியாகக் காசநோய் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது.

“சளி பச்சையா வருது, ஆன்டிபயாட்டிக் எழுதுங்க”

கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்களுக்குள் ஒரு பச்சை நிற நொதி இருக்கிறது. சளிக்கு அந்த நிறம் அதிலிருந்து வருகிறது. எதிரி வைரஸா பாக்டீரியாவா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. மூச்சு வாங்கினால், காய்ச்சல் விட்டு மறுபடி அடித்தால் வாருங்கள், பார்க்கலாம். நிறத்தைக் காட்டக் கைக்குட்டையை மட்டும் தயவுசெய்து விரிக்க வேண்டாம்.

“நேத்து பூரா சப்பாத்திதான் சாப்பிட்டேன், சுகர் கரெக்டா இருக்கும்”

பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் முனிவராகிவிடும் சர்க்கரைக்காரர்கள் எங்கள் கிளினிக்கின் நிரந்தரச் சொத்து. வெறும்வயிற்றுச் சர்க்கரையை இந்த விரதத்தால் கொஞ்சம் ஏமாற்றலாம். ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி பரிசோதனை ஏமாறாது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதுவரை ஒட்டிய சர்க்கரையைச் சுமந்துகொண்டே திரியும். தீபாவளி அதிரசம் கார்த்திகை தாண்டியும் சாட்சி சொல்லும்.

“நெஞ்சு கரிக்குது, வெறும் கேஸ்தான்”

இங்கே எனக்குச் சிரிப்பு வராது. சோடா, ஓமவாட்டர், வெந்நீர் என்று வரிசையாகக் குடித்து ஏப்பத்துக்காகக் காத்திருந்து வருகிறவர்களில் சிலருக்கு ஈசிஜியில் மாரடைப்பு தெரிகிறது. இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் அடைப்பு என்றால் வலி மேல்வயிற்றில் வரலாம், குமட்டலும் சேரலாம், அசல் அஜீரணம் போலவே இருக்கும். நீண்டநாள் சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். ஏப்பம் வந்து சற்று லேசானாலும் அது மாரடைப்பு இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

நாற்பது தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், புகைப்பவர் என்றால் இந்த அறிகுறிகளுக்கு முதல் வேலை 108 ஆம்புலன்ஸை அழைப்பது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆம், உயிர் போகிற நோய்க்கும் முதல் வைத்தியம் மாத்திரைதான். அடைப்பை நீக்கத் தாமதமாகிற ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டே போகும். செத்த தசையை எந்தக் கைராசிக்காரராலும் பிழைக்கவைக்க முடியாது.