அந்திச் சூரியனைப் படகிலிருந்து பார்க்க எங்கே போகலாம்?

கேள்வி: சங்ககிரியில் லாரித் தொழில் செய்கிறேன். சென்னை, தூத்துக்குடி, கொச்சி என்று எல்லாத் துறைமுகத்துக்கும் எங்கள் வண்டி போகிறது. ஆனால் குடும்பத்தோடு கடல் பார்க்கப் போனதில்லை. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, மூட்டுவலி உண்டு. சாயங்காலம் படகில் உட்கார்ந்து சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். முட்டுக்காடு, பிச்சாவரம், கன்னியாகுமரி என்று ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். இரண்டு நாள் லீவில் எங்கே போவது நல்லது? எதை வைத்து இடத்தை முடிவு செய்வது?
- வாசகர், சங்ககிரி

பதில்: ஊர்ப் பெயரை முடிவு செய்யும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். படகு போகும் தண்ணீருக்கு மேற்கே என்ன இருக்கிறது? கடைசிப் படகு எத்தனை மணிக்கு? நீங்கள் போவது எந்த மாதம்? இந்த மூன்றும் ஒத்து வராவிட்டால் எவ்வளவு பேர்பெற்ற இடமானாலும் அம்மாவின் ஆசை நிறைவேறாது.

முதலில் திசை. தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அதில் பெரும்பகுதி கிழக்கே பார்த்தது. மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் ஊருக்குப் பின்னால் போய்விடும். கரையை விட்டுக் கடலுக்குள் படகில் போனாலும் கதை மாறாது. மாலைப் படகுச் சவாரிக்குப் பேர்பெற்ற ஊர்களைப் பாருங்கள்: கோவாவின் பணஜி, இலங்கையின் நீர்கொழும்பு, நம் பக்கத்துக் கொச்சி. மூன்றுக்கும் மேற்கே கடல்.

இனி உங்களுக்குச் சொன்ன இடங்கள். முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984 முதல் நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே உள்ள உப்பங்கழியில்தான் படகு விடுகிறார்கள். அதனால் அந்தி ஒளி தண்ணீரில் விழும். சூரியன் மட்டும் மேற்குக் கரைக் கட்டடங்களுக்குப் பின்னால் மறையும். சென்னையில் இருப்பவர்களுக்கு அது போதும். நீங்கள் அதற்காக முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

பிச்சாவரத்தின் அழகு அலையாத்திக் காடுதான். வேர்கள் வளைந்து நிற்கும் குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகில் போவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் காட்டுக்குள் அடிவானம் தெரியாது. அதைக் காலைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரியில் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம். ஆண்டு முழுவதும் அல்ல, ஏறத்தாழ அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அந்த மாதங்களில் சூரியன் தென்மேற்காக இறங்கும். மே, ஜூன், ஜூலையில் வடக்கே ஒதுங்கி, கொளச்சல் பக்கமாக நீளும் நிலத்தின் மேல் மறைந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் விடும் படகுகள் பொதுவாகக் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணியோடு நின்றுவிடும். சூரியன் மறைவதோ ஆறு மணி வாக்கில். ஆக, அங்கே அந்தியைக் கரையில் நின்றுதான் பார்க்க முடியும். படகு வேண்டாம், கரையே போதும் என்றால் கன்னியாகுமரி அருமையான இடம்.

உங்களுக்கு நான் சொல்லும் ஊர் கொச்சி. சங்ககிரி வழியாகப் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கொச்சியில்தான் முடிகிறது. தூரம் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். சென்னையையும் கன்னியாகுமரியையும் விடக் குறைவு. வழியில் வரும் வாளையாறும் குதிரானும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரில் நெடுநேரம் உட்காருவது அம்மாவுக்குச் சிரமம் என்றால் ஈரோட்டிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் இருக்கிறது.

கொச்சியின் அமைப்பே மாலைப் படகுக்காகச் செய்து வைத்தது மாதிரி இருக்கும். எர்ணாகுளம் மரைன் டிரைவ் காயலின் கிழக்குக் கரை. அங்கிருந்து கிளம்பும் படகு மேற்கே போகப் போக, ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே துறைமுக முகத்துவாரம் திறக்கும். ஒரு பக்கம் சீன வலைகள், எதிரே அரபிக்கடல். சூரியன் அந்தத் திறப்பின் பக்கமாக இறங்கும்.

அங்கே மூன்று விதமாகப் போகலாம். கேரள அரசின் கப்பல் மற்றும் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம் மரைன் டிரைவிலிருந்து ‘சாகரராணி’ என்ற சுற்றுலாப் படகை விடுகிறது; ‘நெஃபர்டிடி’ என்ற பெரிய கப்பலும் அதனுடையதே. நெஃபர்டிடி 2018இல் வந்தது; இருநூறு பேர் வரை ஏறலாம். நிஜக் கடலுக்குள் போக வேண்டும் என்றால் இவைதான் வழி. ஆனால் எல்லா நாளும் எல்லா நேரமும் ஓடாது. மாலைப் பயணம் என்றைக்கு என்று கேட்டு, முன்பதிவு செய்த பிறகே வண்டியை எடுங்கள்.

அடுத்தது கொச்சி வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கியது. மின்சாரத்தில் ஓடும் குளிர்சாதனப் படகுகள். இதன் படகுத்துறை தண்ணீரில் மிதக்கும் மேடை. நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகும் ஒரே உயரத்தில் நிற்கும். மூட்டுவலிக்காரர்கள் காலைத் தூக்கி வைக்காமல் நடந்தே உள்ளே போகலாம். உயர்நீதிமன்ற முனையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் போகிறது, கட்டணமும் குறைவு. குறை என்னவென்றால், திறந்த மேல்தளம் கிடையாது, கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். விடுமுறை நாள் மாலையில் வரிசையும் நீளும். மூன்றாவது, தனியார் படகுகள். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது நாள் கிடைத்தால் குமரகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில் இருப்பதால் குமரகத்துக்கு அந்தி சொந்தம். அங்கிருந்து எதிர்க்கரை முகம்மாவுக்குக் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு முக்கால் மணி நேரத்துக்குள் காயலைக் கடக்கும். மாலையில் ஏறினால் வழி முழுக்கச் சூரியன் எதிரிலேயே இருக்கும். ஆலப்புழை படகு வீடுகளை அந்திக்காக எடுக்க வேண்டாம். மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் மாலை ஐந்தரை வாக்கில் படகு வீடுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள்.

மாதம் எது? டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழையால் அரபிக்கடல் கொந்தளிக்கும். அக்டோபர், நவம்பரில் கேரளத்தில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வரும். கொச்சியில் டிசம்பர் கடைசியில் ஆறேகால் வாக்கிலும், பிப்ரவரி நடுவில் ஆறரையைத் தாண்டியும் சூரியன் மறையும். அடிவானத்தைத் தொட்ட பிறகு முழுதாக மறைய மூன்று நிமிடம்கூட ஆகாது. அடுத்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் இருட்டிவிடும். எனவே டிக்கெட் எடுக்கும்போது கிளம்பும் நேரத்தோடு, சூரியன் மறையும்போது படகு எங்கே இருக்கும் என்றும் கேளுங்கள். ஜனவரியில் ஐந்து மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்குத் திரும்பும் படகு வெயிலை மட்டும்தான் காட்டும். ஒரு துளி மேகமும் இல்லாத நாளைவிட, உயரத்தில் மெல்லிய மேகம் படர்ந்த நாளில்தான் வானம் நிறம் மாறும் என்பதையும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், பாதுகாப்பு. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது. கிளம்பியதே அந்தி சாய்ந்த பிறகு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததும் மாலைச் சவாரியில்தான். நம் பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று 22 பேர் மூழ்கினார்கள். சூரியன் மறையும் நொடியில் எல்லோரும் படம் எடுக்க ஒரே பக்கம் ஓடுவார்கள், அந்த நேரத்தில் சின்னப் படகு சாயும். லாரிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்ப்பது போலப் படகுக்கும் பாருங்கள்: பதிவு எண் இருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உண்டா, பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் உண்டா. தனியார் படகில் இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் ஏறாதீர்கள். அம்மாவைக் கீழ்த்தளத்தில், படகின் நடுப்பகுதியில் உட்கார வையுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

லீவே கிடைக்கவில்லையா? எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டிக்குப் போங்கள், முப்பது கிலோமீட்டர் வாக்கில்தான். கதவணை தேக்கிய காவிரியில் எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போகிறது. அங்கே கடல் இல்லை. பாலமலைப் பக்கம் சூரியன் இறங்கும். மேட்டூரில் அதிகத் தண்ணீர் திறக்கும் நாட்களில் படகை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள். அம்மாவுக்குப் படகு ஒத்துக்கொள்கிறதா என்று அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு, ஜனவரியில் கொச்சிக்குக் கிளம்புங்கள். பொங்கல் விடுமுறையில் கூட்டம் நெரியும். அதற்கு அடுத்த வாரமே நல்லது.